மூத்தவர் கட்சி, இளையவர் கட்சி

என் கணவர் ஓர் இளவரசருக்குக் கார் ஓட்டினார். இதை இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் லெப்பைக்குடிக்காட்டில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்த இளவரசர், மூத்தவரா, இளையவரா என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருந்தார்கள். கடையில், கட்டட வேலையில், லாரி டெப்போவில். சிலருக்கு மட்டும் அங்கே ஒரு சின்ன நாட்டின் அரண்மனைகளில் வேலை வாய்த்திருந்தது. அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூட மேப்பில் ஒரு விரல் நுனியை வைத்தால் மறைந்துபோகிற அளவு நாடு. அதன் மன்னர் வயதானவர், சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையும் நாற்காலியுமாக இருந்தார். வளர்ந்த இரண்டு மகன்கள் தனித்தனி அரண்மனையில் இருந்தார்கள். மூத்தவரைத்தான் பட்டத்து இளவரசர் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஆனால் தகப்பனுக்கு அவர்மேல் மனத்தாங்கல் என்றும், இளையவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார் என்றும் ஒரு பேச்சு இருந்தது. என் கணவர் கார் ஓட்டியது இளையவருக்கு.

எதிர்வீட்டு அக்காவின் கணவர் மூத்தவர் அரண்மனையில் சமையல்காரர்.

நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது முதலில் என்னிடம் பேசியவர் அந்த அக்காதான். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அவர் கணவர் அதற்கு நேர்மாறு. லீவில் வந்தால் தெரு நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் பள்ளிவாசலுக்குப் போவார். வெள்ளாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் இறங்க மாட்டார். "ஒரு கோழிய அறுக்கச் சொன்னா கண்ண மூடிக்குவாரு. இவரு எப்படித்தான் அரமனையில ஆக்கிப் போடுறாரோ" என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்வார். அவரும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார்.

அக்கா வீட்டில் டிஷ் ஆன்டெனா இருந்தது. அந்த நாட்டு அரசாங்கச் சேனல் அதில் தெரியும். மதிய லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் தெருப் பெண்கள் அங்கே கூடிவிடுவோம். அரபு யாருக்கும் புரியாது. புரியத் தேவையும் இல்லை. மன்னர் காரிலிருந்து இறங்கும்போது முழங்கையைப் பிடித்தது எந்த மகன், விருந்தில் வலதுபக்கம் யார், இடதுபக்கம் யார் என்று பார்ப்போம். வாரத்துக்கு வாரம் கணக்கு மாறும்.

"இன்னைக்கு மூத்தவருதான் கையப் புடிச்சாரு பாத்தியா?"

"புடிச்சாரு. ஆனா அவரு மொகத்தப் பாத்தியா, உம்முன்னு இருந்துச்சு."

ஆண்கள் டீக்கடையில் இதையே பேசினார்கள். முந்திரிக்கொட்டை விற்க உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருவர்கூட அந்தக் குடும்பத்தின் கிளைகளையெல்லாம் தெரிந்துவைத்திருந்தார். "மூத்த புள்ள இருக்கயில எளையவருக்கு எப்படிங்க குடுப்பாங்க?" என்று அவர் கேட்க, "அங்க அப்படியில்லீங்க, அப்பன் யாரக் காட்டுறாரோ அவருதான்" என்று யாராவது விளக்குவார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அங்கே யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே யார் வீட்டுப் பிள்ளைக்கு விசா வரும் என்பது இருந்தது.

ஒருநாள் என் கணவர் போனில் பேசும்போது, அந்த மாதம் மன்னர் இளையவரைப் பலமுறை தனியாக அழைத்துப் பேசினார் என்று சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன்.

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூப்புட்டது பக்கத்துல ஒக்கார வெக்கவா, திட்டவான்னு ஒங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா? அவரு வாசல்லதான நின்னாரு" என்றார்.

"வாசல்ல நின்னாலும் காதுல விழும்ல. மூத்தவருக்குப் பருந்து வளக்கவே நேரம் பத்தல, நாட்ட எங்கேருந்து பாப்பாரு" என்றேன் நான்.

அக்கா எழுந்து டிவியை அணைத்தார். "எனக்கு வேலை கெடக்கு. எல்லாரும் போயிட்டு வாங்க" என்றார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தெருவும் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவர் கட்சிக்காரர்கள் அக்கா வீட்டில். இளையவர் கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் டிஷ் இல்லை, ஆனால் கூட்டம் அதிகம். பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு என் மாமியாரைப் பார்க்க வந்தார்கள். மாமி எல்லோருக்கும் டீ கொடுத்து, "இளையவரு ஒக்காரட்டும். எம்மவன் ஒரு வார்த்த சொன்னா போதும்" என்பார். ஜெராக்ஸ்களை பீரோவில் துணிக்கு அடியில் அடுக்கிவைத்தார்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் சேனலின் சத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டது. செய்தி இல்லை, பாட்டு இல்லை, குர்ஆன் ஓதும் குரல் மட்டும். நிற்கவே இல்லை. நான் சீப்போடு வாசலுக்கு வந்தேன். அக்கா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பல மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வா புள்ள" என்றார். "மன்னரு மவுத்தாயிட்டாரு."

அரை மணி நேரத்தில் அந்த அறையில் கால் வைக்க இடமில்லை. மூத்தவர் கட்சி, இளையவர் கட்சி எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அந்த நாட்டில் அடக்கம் முடிந்த கையோடு அடுத்தவரை உட்காரவைத்துவிடுவார்கள் என்று அங்கே வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் சொன்னார். மாமி கண்ணை மூடி துஆ செய்துகொண்டிருந்தார். எதற்காக துஆ என்று எல்லோருக்கும் தெரியும்.

பிற்பகலில் ஓதுவது நின்றது. ஒரு பெரிய கூடத்தைக் காட்டினார்கள். நடுவே ஒரு நாற்காலி. இரண்டு பக்கமும் வெள்ளை உடுப்பில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். வாசலிலிருந்து ஒருவர் நடந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சின்ன வயது. மெல்லிய தாடி, கண்ணாடி. எங்களில் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"இது யாரு?" என்றார் அக்கா.

யாரோ முக்கியமான விருந்தாளி, தவறாகப் போய் உட்கார்ந்துவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒவ்வொருவராக வரிசையில் வந்து அவர் கையைப் பற்றிச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே இருந்து அந்தப் பெரியவர், "கடைசி சம்சாரத்துப் புள்ள. வெளிநாட்டுல படிச்சிக்கிட்டு இருந்தாரு" என்றார். அவர் குரலே அவருக்கு நம்பிக்கையில்லாமல் வந்தது. அப்படி ஒரு மகன் இருப்பது அத்தனை வருடப் பேச்சில் ஒருமுறைகூட வந்ததில்லை.

வரிசையில் வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூத்தவர் வரவில்லை. இளையவரும் வரவில்லை. "நம்மாளு அடுத்து வருவாரு பாரு, அடுத்து வருவாரு" என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். வரிசை முடிந்து, கூடம் காலியாகி, மறுபடி ஓதும் குரல் வந்த பிறகும் சொன்னார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. வளையல் பதிந்து தடம் விழுந்திருந்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்துதான் எஸ்டிடி பூத்துக்குப் போனோம். என் கணவரின் எண்ணில் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அக்காவின் கணவர் எண்ணில் மணிகூட அடிக்கவில்லை. தினமும் போனோம். கடைசியில் அங்கே துணிக்கடையில் இருந்த எங்கள் ஊர் ஆள் ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி பேசினார். இரண்டு அரண்மனையையும் பட்டாளம் சூழ்ந்திருக்கிறது, உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை, இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறுதல் சொல்ல என்று நினைத்தேன். ஆறுதலும் சொன்னார்கள். போகும்போது, "அந்த ஜெராக்ஸு இருந்தா குடுத்துடுங்க மாமி" என்றார்கள். மாமி பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் டீ போடவில்லை.

திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று நானும் அக்காவும் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவைப் படித்த ஊழியர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்டுக்காரரு என்ன வேலைம்மா?"

"இளவரசருக்கு டிரைவருங்க சார்."

"இவங்க?"

"எங்க வூட்டுக்காரரு சமையலுங்க. மூத்த இளவரசருக்கு" என்றார் அக்கா. "இப்ப மூணாவது ஆளு வந்துட்டாருங்க. அதான் பிரச்சினை."

அவர் முத்திரை குத்தி, மேலே அனுப்புகிறேன் என்றார். அவர்மேல் குற்றமில்லை. எறையூர் கரும்பு வண்டிப் பாதைத் தகராறுக்கும் பூலாம்பாடி பட்டாவுக்கும் நடுவே எங்கள் மனுவை அவர் என்ன செய்வார்.

என் கணவர் ஒரு மதியவேளையில் வந்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் தெருவில் நடந்து வந்தார். கையில் பையில்லை. வெள்ளைச் சட்டை, டிரைவர் பேன்ட், காலில் நீல ரப்பர் செருப்பு. அருகில் வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் மகளுக்குத் தெரியவே இல்லை, பயந்து உள்ளே ஓடிவிட்டாள்.

அவர் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் அக்கா வந்துவிட்டார். பின்னாலேயே அவர் இரண்டு பிள்ளைகளும்.

"எங்க வூட்டு ஆளு எங்கங்க?"

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இருக்காரு" என்றார். "உசுரோட இருக்காரு. முதல்ல ஒக்காருங்க அக்கா."

அவர் சொன்னது இதுதான். மன்னர் இறந்த அன்று விடியற்காலையில் பெரிய அரண்மனையிலிருந்து இளையவருக்கு போன் வந்தது. உடனே வரச்சொல்லி. இளையவர் ஜரிகை வைத்த மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாகக் காரில் ஏறினார். என் கணவருக்கும் பெருமையாக இருந்ததாம், இன்னும் சிறிது நேரத்தில் நாம் ஒரு மன்னருக்கு டிரைவர் என்று. பெரிய அரண்மனை வாசலில் காரை நிறுத்தினார்கள். டிரைவரை மட்டும் இறங்கச் சொன்னார்கள். ஒரு பட்டாளத்துக்காரர் அவர் இடத்தில் உட்கார்ந்தார்.

"நான் எறங்கி நிக்கிறேன். அவரு பின்சீட்டுல இருந்து கண்ணாடிய எறக்குனாரு. என்னயப் பாத்து, 'ஒன் புள்ளைங்ககிட்ட போ' அப்படின்னாரு. அவ்வளவுதான். கார் உள்ள போயிடுச்சு. எனக்கு அப்பவும் புரியல. எதுக்கு நம்மள லீவுல போகச் சொல்றாருன்னு நெனைக்கிறேன்."

அன்றே இரண்டு அரண்மனை வேலைக்காரர்களையும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைத்தார்கள். வாரக்கணக்கில் விசாரித்தார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக விமானம் ஏற்றினார்கள். இளையவர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். மூத்தவரைப் பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு வீட்டில் காவலில் வைத்தார்கள்.

"அவருகூட ஒரே ஒரு ஆளு இருக்கலாம்னு சொன்னாங்க. இருந்தா வெளிய வர முடியாது, போன் கெடையாது, எத்தன வருசம்னு சொல்ல முடியாது. யாரு இருக்கறீங்கன்னு எங்க எல்லாரையும் நிக்கவெச்சுக் கேட்டாங்க. அவரு சொந்தக்காரங்களே தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க." என் கணவர் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "ஒங்க வூட்டுக்காரருதான் முன்னாடி வந்து நின்னாரு."

நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் போகிற மனிதர். ஆளைத் தவறாகச் சொல்கிறாரோ என்று நான் என் கணவரைப் பார்த்தேன்.

"யாராச்சும் தள்ளிவுட்டாங்களா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. அவராத்தான் வந்தாரு."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு அந்தாளுக்கு ஞாபகம் வரலியா?"

அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்று மாலை அக்கா சொல்லி அந்த டிஷ் ஆன்டெனாவை யாரோ வந்து கழற்றிக் கொண்டுபோனார்கள்.

என் கணவர் பல மாதம் எந்த வண்டியையும் தொடவில்லை. ஊரில் ஒருவர் தன் புதுக் காரை ஓட்டித்தரச் சொன்னபோது முடியாது என்றுவிட்டார். கடைசியில் அரியலூர் போய், ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் சேர்ந்தார். ஏன் லாரி என்று கேட்டேன். "கார்னா பின்னாடி திரும்பிப் பாக்கத் தோணுது. லாரியில பின்சீட்டே கெடையாதுல்ல" என்றார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். முகம் கழுவினால்தான் அவர் என்று தெரியும்.

அக்கா தையல் மிஷினை வாசல் அறையில் போட்டுக்கொண்டார். மூன்று வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. முதல் வருடம் ஊர் பரிதாபப்பட்டது. இரண்டாம் வருடம், அங்கேயே ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பார் என்று பேசியது. மூன்றாம் வருடம், ஆள் இருக்கவே மாட்டார் என்று முடிவு செய்தது. உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஒருநாள் வந்து, தாலிக் கருகமணியைக் கழற்றிவிட்டு, விதவைகள் முறைப்படி வீட்டோடு இருக்கும் இத்தா இருந்துவிடுவதுதான் மரியாதை என்று தணிந்த குரலில் சொன்னார்கள். நான் அப்போது அங்கே பிளவுஸ் வாங்கப் போயிருந்தேன். அக்கா மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"அவரு வந்து கழட்டச் சொன்னா கழட்டறேன்" என்றார். "நீங்க தையலுக்கு ஏதாச்சும் கொண்டாந்தீங்களா?"

அதற்கடுத்த வருடம் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பூத்துக்கு போன் வந்தது. வந்து இறங்கிவிட்டேன், ஊருக்கு எந்த பஸ் என்று அக்காவின் கணவர் கேட்டிருக்கிறார். என் கணவர் ஒரு வேன் பிடித்தார். அவரேதான் ஓட்டினார். நானும் அக்காவும் பிள்ளைகளும் போனோம்.

ஏர்போர்ட் வாசலில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பாதி ஆளாக இருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து முதலில் யார் என்று தடுமாறினார். மூத்தவர் காவலிலேயே நோய் வந்து இறந்துவிட்டார் என்றும், அடக்கம் முடிந்த மறுநாள் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்றும் என் கணவரிடம் சொன்னார். அக்கா வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தார். பாடாலூர் தாண்டியது. பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"ஏன் இருந்தீங்க?"

"எல்லாரும் போயிட்டாங்க" என்றார் அவர். "அவருக்கு ஒரு முட்டைய அவிக்கக்கூடத் தெரியாது."

"எனக்கு மட்டும் என்னா தெரியும்னு விட்டுட்டீங்க?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. சிறிது நேரம் கழித்துத் தன் தலைத்துணியின் முனையை அவர் பக்கம் நீட்டினார். அவர் அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போக ஆரம்பித்தார். வாலிகண்டபுரம், தொழுதூர்வரை கூப்பிட்டார்கள். வருடங்கள் போயின. ஒருநாள் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாத அளவு பெரிய கார் ஒன்று வந்து முனையில் நின்றது. சென்னையிலிருந்து ஏஜென்ட். கூட அந்த நாட்டுத் தூதரக ஆள் ஒருவர். சமையல்காரரைத் தேடி வந்திருந்தார்கள். புது மன்னர் அவரைத் தன் அரண்மனைச் சமையலுக்குத் தலைமையாக வரச் சொல்லியிருக்கிறார் என்றார்கள்.

"என்னய எதுக்குங்க?" என்றார் அவர். கையில் உரித்த வெங்காயம் இருந்தது.

"அண்ணங்கூடக் கடைசிவரைக்கும் இருந்த ஆளு யாருன்னு கேட்டாராம். அப்படி ஒரு ஆளு தனக்கு வேணுங்கறாரு" என்றார் ஏஜென்ட். "குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வரலாம்."

தெருவே வாசலில் நின்றது. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கணவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அந்தப் புள்ள சின்னதா இருக்கயில அண்ணன் வூட்டுக்கு ஓடியாந்து, எங்கிட்டதாங்க ரொட்டி கேக்கும். ஊட்டிக்கூட விட்டுருக்கேன்" என்றார். "அது ராஜாவா வரும்னு எனக்கும் தெரியாது. அண்ணன இப்படி வெக்கும்னும் தெரியாது. அந்த மொகத்துக்கு முன்னாடி நின்னு நான் எப்படிங்க பரிமாறுவேன்? முடியாதுன்னு சொல்லிடுங்க."

ஏஜென்ட் அக்காவைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"அவருதான் முடியாதுங்கறாருல்ல" என்றார் அக்கா. "இருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

கார் போன பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு ராஜா மவனுக்காக என்னய விட்டுட்டு உள்ள போனாரு. இப்ப ஒரு ராஜாவே வந்து கூப்புட்டா வேணாங்கறாரு. ரெண்டுக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாத்தியா" என்றார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி முழுவதையும் குடித்தார். அவர்கள் வீட்டில் அன்று மாலை நடந்த சண்டை தெருமுனைவரை கேட்டது. பெரும்பாலும் அக்காவின் குரல். மறுநாள் மதியம் அக்கா ஒரு கிண்ணத்தில் கறி ஆணம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கணவர் வைத்தது.

"உப்பு கம்மி" என்றார் அக்கா. "அவருகிட்ட சொல்லிடாத."